கோப்பையின் மறுபாதி

குத்தாயிசி நகர மருத்துவமனை. கீழ்த்தளம். இரவுப் பணி.
வெளியே ரியோனி ஆறு, உள்ளே குளிர்ப்பெட்டி;
எது உறுமுகிறது என்று பிரித்தறிய முடியாத நேரம்.

மல்காஸ் மேசையில் படுத்திருக்கிறார்,
மலையிலிருந்து கனிமநீர் ஏற்றி வரும் லாரிக்காரர்.
ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவர்
தான் குடிக்க மறந்துபோனார்.
இடது சிறுநீரகத்தில் ஒன்பது மில்லிமீட்டர் கல்.

பொத்தானை அழுத்துகிறேன்.
டக்.
டக்.
இரண்டாயிரத்து ஐந்நூறு அடிகள்.
எண்ணுவது, “அசையாதீர்கள்” என்பது,
மறுபடி எண்ணுவது:
ஆறு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

முழங்காலில் பழைய வினாத்தாள்.
வெள்ளிக்கிழமை உரிமத் தேர்வு. எனக்கு நாற்பத்தொன்று.
இது மூன்றாவது முறை என்பது
என் மகளுக்குத் தெரியாது.

கேள்வி நான்கு:
9x² + 25y² − 36x + 50y − 164 = 0

இதற்குள் ஒரு நீள்வட்டம் இருக்கிறதாம்.
கூட்ட நெரிசலில் ஒரு முகத்தைத் தேடு என்கிறார்கள்.

x-களை ஒரு பக்கம் கூப்பிட்டேன், y-களை ஒரு பக்கம்.
164-ஐச் சமக்குறிக்கு அப்பால் அனுப்பினேன்.
ஒன்பதை வெளியே எடுத்ததும்
x² − 4x
ஒரு கால் குறைந்த நாற்காலியாய் ஆடியது.
நான்கைக் கொடுத்தேன், நின்றது.
y-க்கு ஒன்று போதுமாயிருந்தது.

ஆனால் உள்ளே கொடுத்த நான்கு
வெளியே முப்பத்தாறு.
உள்ளே கொடுத்த ஒன்று
வெளியே இருபத்தைந்து.
(போன முறை இந்த வட்டிக் கணக்கில்தான் ஏமாந்தேன்.)
எதிர்ப்பக்கமும் கட்டியாயிற்று: 225.
அதனாலேயே எல்லாவற்றையும் வகுத்தேன்.

கலைந்தது கூட்டம்.
(x − 2)² கீழே 25,
(y + 1)² கீழே 9,
இரண்டும் சேர்ந்து ஒன்று.

மையம்: இரண்டு, மைனஸ் ஒன்று.
குறிகள் கண்ணாடியில் தெரிபவை, புரட்டித்தான் படிக்க வேண்டும்.
பெரிய எண் x-இன் கீழே, ஆகவே படுத்த வாக்கு,
மல்காஸைப் போல.
நெட்டச்சு பத்து. குற்றச்சு ஆறு.

குவியம்?
தூக்கக் கலக்கத்தில் கூட்டிவிட்டேன்.
இருபத்தைந்தும் ஒன்பதும் முப்பத்து நான்கு,
மூலம் எடுத்தால் ஐந்தே முக்காலுக்குச் சற்று மேல்.

டக்.

நிமிர்ந்தேன்.
மையத்திலிருந்து ஐந்தடியில் வளைவே முடிந்துவிடுகிறது.
அதையும் தாண்டிக் குவியமா?
அப்படியென்றால் இந்த அடியெல்லாம்
விலா எலும்பில் விழும்,
சுவரில் விழும்,
ஆற்றில் விழும்.

மேசைக்கடியில் இருக்கும் உலோகக் கோப்பை
பாதி நீள்வட்டம்தான்.
அதன் ஒரு குவியத்தில் தீப்பொறி.
மறுபாதியை யாரும் வார்க்கவில்லை;
நீர்ப்பையைக் கடந்து இந்த மனிதரின் முதுகுக்குள்
கோடில்லாமல் அது மூடிக்கொள்கிறது.
பொறியிலிருந்து புறப்பட்டுக்
கோப்பையின் எந்த இடத்தில் மோதித் திரும்பினாலும்
நடக்கும் தூரம் ஒன்றே.
எல்லாம் ஒரே கணத்தில்
ஒரே புள்ளிக்கு வந்து சேரும்.
அங்கே கல்.

தலைகீழாய்ப் படித்திருந்தால் ஜெயித்திருப்பேனோ என்னவோ.
நான் கையால் அறிந்தது, குவியம் உள்ளேதான்.
கழித்தேன்.
பதினாறு.
நான்கு.

மையத்துக்கு வலப்புறம் நான்கு: ஆறு, மைனஸ் ஒன்று.
இடப்புறம் நான்கு: மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்று.
ஐந்தில் நான்கு, மையத்தொலைத் தகவு.
வட்டமாயிருந்தால் பூஜ்யம்;
அப்போது பொறி தன்னிடமே திரும்பும்,
யாருக்கும் உதவாது.

“என்ன எழுதிக்கொண்டேயிருக்கிறாய், சியாலா?”
“உங்கள் கல் இருக்கும் இடம்.”
“கண்டுபிடித்தாயா?”
“முதலில் உங்களுக்கு வெளியே வைத்துவிட்டேன்.”

வயிறு குலுங்க ஆரம்பித்தது.
“சிரிக்காதீர்கள், மல்காஸ்.
கல் நகர்ந்துவிடும்.”

ஆயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு.
டக்.